என் மதிலில் இருந்த தோட்டம்

ஓக்லாந்தில், பாபடோயிட்டோயில் என் பேத்தி படித்த பள்ளிக்கூடத்து வாசிகசாலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதற்குள் என்னுடைய கொப்பி ஒன்று நடுப்பக்கம் விரித்தபடி கிடக்கிறது. கோடு போடாத மலிவுக் கொப்பி. மேல் மூலையில் கறுப்பாகக் கிறீஸ் பட்ட பெருவிரல் அடையாளம், அதுவும் என்னுடையதுதான். இரண்டு பக்கம் முழுக்கப் பென்சிலால் போட்ட வட்டங்கள், வட்டங்களுக்கு நடுவே வளைந்து போகிற வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இலக்கம். கீழ் மூலையில் தமிழில் ஒரு வரி. அந்தப் பள்ளிக்கூடத்தில் அதை வாசிக்கக் கூடியவர் ஒருவரும் இல்லை. அஞ்சாம் வகுப்போடு புத்தகத்தை மூடின ஒருவனின் கொப்பியைக் கண்ணாடிக்குள் வைத்து, பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். என்னோடு படித்து டொக்டராகவும் எஞ்சினியராகவும் போனவர்களில் யாருடைய கொப்பி இப்படி இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம். ஆனால் பெட்டியின் கீழே இருந்த அட்டையில் என் பெயரும் ‘வரைந்தவர்’ என்ற ஒரு சொல்லும் மட்டும்தான் இருந்தன. அந்த அட்டையை மாற்றச் சொல்லி இந்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தோடு மல்லுக்கு நின்றேன். ஏன் நின்றேன் என்றால், பேத்தியைப் படிப்பித்த ரீச்சர் உயிரோடு இருந்திருந்தால் அப்படி ஒரு அட்டையை எழுத விட்டிருக்க மாட்டார்.

ரீச்சரைப் பற்றிச் சொல்ல முதல் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த நாட்டுக்கு நான் வரும்போது என்னிடம் இருந்தது இரண்டு கையும் ஒரு பையும்தான். முதல் வருஷம் ஏவன்டேலில் ஒரு அறையில் மூன்று பேர் படுத்தோம். ஒரு கொங்கிரீட் கொம்பனியில் மண்வெட்டி பிடித்தேன். பிறகு மண் கிண்டுகிற பழைய டிகர் ஒன்றை வாங்கினேன்; அதைத் திருத்தியதும் நான்தான், ஓட்டியதும் நான்தான். இன்றைக்கு ஒன்பது மஞ்சள் மெஷின்கள் என் பெயரைத் தாங்கிக்கொண்டு இந்த நகரத்தில் மண் கிண்டுகின்றன. கிளென்ஃபீல்ட் மேட்டிலும் கிண்டியிருக்கிறேன், தெற்கில் விமான நிலையத்துப் பக்கமும் கிண்டியிருக்கிறேன். ஓக்லாந்து மண்ணின் நிறத்தைப் பார்த்தே எந்தப் பக்கத்து மண் என்று சொல்லுவேன். படித்த எஞ்சினியர்மார் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் பிளானில் கை வைப்பார்கள். எனக்கு ஒரே ஒரு குறை, ஆங்கிலத்தில் எழுத வராது. அதனால் வேலைக்கு விலை சொல்லப் போகிற இடத்தையெல்லாம் கொப்பியில் படமாக வரைந்து கொண்டு வருவேன். எத்தனை அடி நடந்தேன், எந்த இடத்தில் கல், எந்த இடத்தில் ஈரம், எத்தனை வாளி மண் வரும், எல்லாம் வட்டமும் இலக்கமும்தான். குறிப்பெழுதத் தோன்றினால் தமிழில் எழுதுவேன். என் படம் ஒருநாளும் பிழையாகப் போனதில்லை.

மாங்கரேப் பக்கம் மாடு மேய்ந்த ஒரு தரையை மட்டமாக்கி வெளியாக்கித் தரச் சொல்லி வேலை வந்தது. அங்கே பெரிய களஞ்சியங்கள் கட்டப்போகிறார்கள். எரிமலைக் கல் நிறைந்த தரை. கல்லெல்லாம் குவியல் குவியலாகவும் வரிசை வரிசையாகவும் கிடந்தது. ஒரு சனிக்கிழமை முழுநாளும் நடந்து வரைந்தேன். குவியல் ஒன்றைக் காலால் தட்டிப் பார்த்தால், கீழே மண் கறுப்பாக, பிட்டு மாவு மாதிரி உதிர்ந்தது. சுற்றிவரக் கிடந்த மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உடைந்த சிப்பி ஓடுகளும் கிடந்தன. கடலோ அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது. கீழ் மூலையில் அந்த ஒரு வரியை எழுதினேன். பிறகு கொப்பியை மூடினேன். அடுத்த கிழமை மூன்று மெஷினை இறக்கி இரண்டே நாளில் அந்த இடத்தை மேசை மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். நல்ல முகம் உள்ள கற்களாகப் பொறுக்கி இரண்டு லொறி எனக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

எதற்கு என்றால், மதிலுக்கு. எங்கள் ஆட்களுக்கு மதில் இல்லாத வீடு வீடே இல்லை. இந்த நாட்டு வெள்ளைக்காரன் முழங்கால் உயரத்துக்குப் பலகையை நட்டுவிட்டு வேலி என்கிறான். முன்பக்கம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே விட மாட்டோம் என்று நகரசபையில் சொன்னார்கள். நெஞ்சு மட்டத்துக்கு ஒரு அங்குலமும் குறையாமல் கட்டினேன். இரண்டு கோடை காலம், சனி ஞாயிறு எல்லாம், என் கையாலேயே. கீழ் இரண்டு வரிக்குச் சீமெந்தே இல்லை, கல்லோடு கல் கடித்துக்கொண்டு நிற்கும். பாபடோயிட்டோயில் தமிழ் ஆட்கள் வீடு வாங்கினால் முதலில் என் மதிலைப் பார்க்க வருவார்கள். ரெண்டு கல்யாணப் படம்கூட அதற்கு முன்னால் எடுத்திருக்கிறார்கள்.

அதனால்தான் ஒரு பின்னேரம் இந்த நாட்டின் ஆதிக்குடியான மாவோரி மனுஷி ஒருவர் படலைக்கு வெளியே நின்று மதிலில் கையை வைத்துக்கொண்டிருந்ததைக் கண்டபோது, இவரும் பார்க்க வந்தவர் என்றுதான் நினைத்தேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நரைத்த தலையை இழுத்துக் கட்டியிருந்தார், கழுத்தில் பச்சைக் கல். பேத்தியின் பள்ளிக்கூடத்தில் கண்ட முகம், அவளுடைய வகுப்பு ரீச்சர் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. மணியை அடிக்கவில்லை. சுகமில்லாத பிள்ளையின் நெற்றியில் வைக்கிற மாதிரி உள்ளங்கையைக் கல்லில் பதித்தபடி நின்றார். நான் போய் மதிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். எந்தக் கல்லை எப்படிக் கொத்தினேன், மூலையை எப்படிப் பிடித்தேன், எல்லாம். அவர் இடைக்கிடை தலையை ஆட்டி முழுவதையும் கேட்டார். கடைசியில்தான், “இந்தக் கல் எங்கே எடுத்தது?” என்றார். மாங்கரேயில், சும்மா கிடந்தது, ஒரு சதமும் கொடுக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

“அது சும்மா கிடக்கவில்லை” என்றார் ரீச்சர். “அது தோட்டம்.”

குரலை உயர்த்தாமல் சொன்னார். அவருடைய தாய்வழி ஆட்கள் அந்தத் தரையில் குமரா போட்டார்கள். குமரா என்பது எங்கள் வத்தாளங்கிழங்கு. இந்தியத் தமிழர் சர்க்கரைவள்ளி என்பார்கள். சூட்டு நாட்டிலிருந்து கடல் கடந்து கொண்டு வந்த கொடி இந்தக் குளிருக்கு நிற்காது. ஆகவே கல்லைப் பொறுக்கிக் குவித்து, பகல் வெயிலைக் கல்லில் பிடித்துவைத்து, அந்தச் சூட்டில் கிழங்கை விளைவித்தார்கள். சிப்பியைச் சுமந்து வந்து மண்ணில் கலந்தார்கள். ரீச்சர் ஒவ்வொரு வசந்தத்திலும் தன் வகுப்புப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி அந்தத் தரைக்குக் கொண்டுபோவார். மாட்டுக்காரக் கிழவன் கேற்றைத் திறந்து விடுவானாம். “இந்தப் பிள்ளைகளுக்கு நான் எங்கள் கதையைச் சொல்லிக் கொடுக்கிற புத்தகம் அதுதான். வேறு புத்தகம் என்னிடம் இல்லை” என்றார். நான் மட்டமாக்கின அந்த வருஷம் இருபத்தாறு பிள்ளைகளோடு போய் இறங்கியபோது அங்கே கொங்கிரீட் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற லொறியில் என் பெயர் இருந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? என்னிடம் பேப்பர் இருந்தது என்றேன். எல்லாம் முறைப்படி கையெழுத்து வைத்த வேலை என்றேன். அது உண்மையும்தான். “ஓம், பேப்பர் இருந்திருக்கும்” என்றார் அவர். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்து போனார்.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் என் மனுஷியிடம் சொன்னேன். ரீச்சர் கல்லுக்கு வந்து நியாயம் கதைக்கிறா என்று கொஞ்சம் சிரித்துத்தான் சொன்னேன். மனுஷி சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “எங்கட காணியை மட்டமாக்கினவனும் வீட்டை போய் இப்பிடித்தான் சொல்லியிருப்பான். கல்லுத்தானே எண்டு.”

எங்கள் ஊர் யுத்தத்தில் ஆமியின் முட்கம்பிக்குள் இருபது வருஷத்துக்கு மேல் கிடந்தது. திறந்து விட்டார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனோம். என் அப்பா அலவாங்கு போட்டுக் கிண்டின சுண்ணாம்புக் கல்லை எல்லைக்கு அடுக்கி வைத்திருந்தார். ஒரு கல் இல்லை. கிணறு இல்லை. எந்த இடத்தில் எங்கள் காணி முடிந்து அடுத்தவன் காணி தொடங்குகிறது என்றுகூடத் தெரியவில்லை. ஆயிரம் காணியை அளந்து வெளியாக்கின நான், என் சொந்தக் காணியைக் கண்டுபிடிக்க முடியாமல் பற்றைக்குள் அரைநாள் நடந்தேன். கடைசியில் வெயிலுக்குள் இருந்து அழுதேன். அதைக் கண்ட ஒரே சாட்சி அவள்தான். அன்றைக்கு மேசையில் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பினேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நான் செய்கிற ஆள், கதைத்துக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. ரீச்சரிடம், மதிலைப் பிரித்துத் தருகிறேன், மெஷினும் ஆளும் என்னுடையது, எங்கே வேண்டுமோ அங்கே அதே குவியலைப் போட்டுத் தருகிறேன் என்றேன். “அதே குவியல் என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டார். எனக்கா தெரியாது என்று சொல்லி, பெருமையோடு கொப்பியை எடுத்து விரித்தேன்.

ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வட்டம் வட்டமாக விரலை வைத்துக்கொண்டு போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது. பிள்ளைகள் இருந்து சாப்பிடுகிற குவியல் அது என்றார். வெளியே மணி அடித்து, பிள்ளைகள் ஓடி, திரும்ப அமைதியானது. அளந்தவர்கள், படம் எடுத்தவர்கள் வேறு யாரும் இருந்திருக்கலாம்; அவர் கைக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். கண்ணைத் துடைத்துவிட்டு, மூலையில் இருந்த தமிழ் வரியைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

‘நல்ல மண்’ என்று எழுதியிருக்கிறது என்றேன்.

அவர் அந்த வரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நல்ல மண் என்று சொல்ல உங்கள் மொழியில் இவ்வளவு நீளம் வேண்டுமா?”

கொப்பியை என் பக்கம் திருப்பினேன். இந்தத் தடவை சரியாக வாசித்தேன். ‘ஆரோ தோட்டம் செய்த மண்’ என்று, யாரோ என்பதை எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதியிருந்தேன். செம்மண்ணில் கல் பொறுக்கின ஒருவனின் மகன் நான். மனிதக் கை அடுக்கின கல்லுக்கும் தானாகக் கிடக்கிற கல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவனா? தெரிந்தது. தெரிந்து, எழுதி, கொப்பியை மூடிவிட்டு மெஷினை இறக்கினேன். பேப்பரில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை, அதனால் எனக்கென்ன என்று விட்டேன்.

ரீச்சர் கோபப்படுவார் என்று பார்த்தேன். கோபப்படவில்லை, அதுதான் பாரமாக இருந்தது. கொப்பியை மூடி என் கையில் தந்தார். “இதைத் தந்துவிட்டுப் போனால் இது வெறும் படம். நீங்கள் வந்து பிள்ளைகளுக்கு முன்னால் இந்த வரியை வாசிக்க வேண்டும்” என்றார். பள்ளிக்கூடத்துக்குப் பெரிய திரை ஒன்று வாங்கித் தருகிறேன், மண்டபத்துக்குக் கூரை மாற்றித் தருகிறேன் என்றேன். கூரை ஒழுகத்தான் செய்கிறது, அதையும் செய்யுங்கள் என்று சிரித்தார். ஆனால் கேட்டதை விடவில்லை.

மூன்று கிழமை நான் போகவில்லை. அந்த வகுப்பில் என் பேத்தி இருந்தாள். தாத்தா பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளை. கதை எப்படியோ வெளியே வந்துவிட்டது, ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் கீரை வாங்கும்போது மதுரைக்கார நண்பர் ஒருவர், “என்ன முதலாளி, வாத்தியார் வேலைக்குப் போறீங்களாமே? அஞ்சாங்கிளாஸ் சர்ட்டிபிகேட் பத்துமா?” என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து காரை நிறுத்தினால் எதிரே மதில். நெஞ்சு மட்டத்துக்கு நிற்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்காமல் வீட்டுக்குள் போக ஒரு வழியும் இருக்கவில்லை.

போனேன். ரீச்சர் முதலில் கதைத்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒரு யுத்தம் வர, இந்தப் பக்கத்து மாவோரிகளை வெள்ளைக்கார அரசாங்கம் வீட்டை விட்டுப் போகச் சொன்னது என்றும், அவர்கள் திரும்பி வந்தபோது காணி வேறு ஆட்களின் கையில் இருந்தது என்றும், பத்து வயதுப் பிள்ளைகளுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். இருபத்தைந்து வருஷம் இந்த மண்ணைக் கிண்டியே சாப்பிட்டவன் நான், அன்றைக்குத்தான் அதை முதல் தடவை கேட்டேன். பிறகு நான் எழும்பினேன். உடைந்த ஆங்கிலத்தில் கொப்பியைக் காட்டி, வரியை வாசித்து, அர்த்தம் சொன்னேன். எழுதினதும் நான், கிண்டினதும் நான் என்றேன். முன் வரிசையில் ஒரு சமோவாப் பிள்ளை கையைத் தூக்கினாள். “தோட்டம் என்று தெரிந்தால் யாருடையது என்று ஏன் கேட்கவில்லை?” நான் சொன்னேன், கேட்டால் வேலை நின்றுவிடும் என்று. என் பேத்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மதிலை நான் நினைத்த மாதிரி மெஷின் வைத்துப் பிரிக்க ரீச்சர் விடவில்லை. ஒரு காலையில் அவருடைய குடும்பத்துப் பெரியவர்கள் நான்கு பேர் வந்து மதிலுக்கு முன்னால் நின்று நெடுநேரம் தங்கள் மொழியில் மந்திரம் மாதிரிச் சொன்னார்கள். பிறகுதான் மேல் வரியில் கை வைத்தோம். கற்கள் கையிலிருந்து கையாகப் போயின. பள்ளிக்கூட மைதானத்து மூலையில், கொப்பியில் ரீச்சரின் விரல் நின்ற அந்த ஒரு வட்டத்தை அதே அளவில் பிள்ளைகள் அடுக்கினார்கள். இது அந்தத் தோட்டம் இல்லை, அந்தத் தோட்டம் போய்விட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே அடுக்க வைத்தார். முடிந்ததும் எல்லாரும் இருந்து சாப்பிட வேண்டும், சாப்பிட்டால்தான் காரியம் முடிந்த மாதிரி என்றார்கள். என் மனுஷி எண்பது வடை சுட்டிருந்தாள். அன்றைக்குத்தான் ரீச்சர் முதல் தடவை எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். “சீனி கூடிவிட்டது” என்றார். மனுஷிக்கு அவரை அன்றிலிருந்தே பிடித்துவிட்டது. அந்தக் குவியலுக்கு எடுத்தது போக என் மதில் இப்போது முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது, பக்கத்து வீட்டுப் பலகை வேலியின் உயரம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வசந்தமும் கொப்பியோடு போனேன். ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகள், புதுக் கேள்விகள். மூன்றாம் வருஷம், கதையை மெருகேற்றிச் சொல்லப் பழகிவிட்டேன் போலிருக்கிறது, ரீச்சர் வெளியே கூட்டிக்கொண்டு போய், “இன்றைக்கு நீங்கள் கெட்டிக்காரனாகத் தெரிந்தீர்கள். அடுத்த வருஷம் அப்படிச் சொல்லாதீர்கள்” என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்றோடு போக்குவரத்தை நிறுத்தியிருப்பேன். என் மெஷின் ஓட்டுகிற பெடியளையும் கூட்டி வரச் சொன்னார். கூட்டிக்கொண்டு போனேன். இன்றைக்கு என் ஆட்கள் கறுத்த மண்ணையோ சிப்பியையோ கண்டால் எஞ்சினை நிறுத்திவிட்டு எனக்கு ஃபோன் அடிப்பார்கள். இரண்டு தடவை நின்றிருக்கிறோம். இரண்டு தடவையும் நட்டம், இரண்டு தடவையும் நல்லாய் நித்திரை வந்தது.

போன மாரியில் ரீச்சர் போய்விட்டார். நோய் என்று பள்ளிக்கூடத்துக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார். அவர்களுடைய ஊர் மண்டபத்தில் உடம்பை வைத்திருந்தார்கள். திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் பெண்கள் இருந்தார்கள், எங்கள் செத்தவீடு மாதிரியே. அடக்கம் முடித்து வெளியே வரும்போது சுடலை வாசலில் தண்ணீர் வைத்திருந்தது. கையைக் கழுவ வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவைப்படவில்லை. அவருடைய தமையன் என்னைக் காட்டி, “தோட்டத்துக் கொப்பி இவரிடம்தான்” என்று மற்றவர்களுக்குச் சொன்னார். நான் அந்தக் கொப்பியை அவருக்குக் கொடுத்தேன். அவர்கள் யோசித்து, பிள்ளைகளிடம்தான் இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டி அப்படி வந்தது.

அட்டையும் அப்போதுதான் வந்தது. புது ரீச்சர் இளம் பிள்ளை, நல்ல பிள்ளை. “நீங்கள் கூரை மாற்றித் தந்த ஆள். உங்களை ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்று நினைத்தோம். படத்தைக் காப்பாற்றித் தந்ததுதானே முக்கியம்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். என் பெயரை எங்கே எழுதினாலும் சந்தோஷப்படுகிற ஆள் நான், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த அட்டைக்கு முன்னால் நின்றபோது, ‘கெட்டிக்காரனாகத் தெரிந்தீர்கள்’ என்று அந்தக் குரல் காதுக்குள் கேட்டது. அவர் ஒவ்வொரு வருஷமும் பாடுபட்டுப் பிள்ளைகளுக்குச் சொன்னது நான் நல்லாய்ப் படம் கீறுவேன் என்பதையா? மாற்றாவிட்டால் கொப்பியைத் திருப்பித் தாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை மாற்றினார்கள்.

போன வெள்ளிக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவள் இப்போது பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், என்னைவிட உயரம். அவளை வாசிக்கச் சொன்னேன். இந்தத் தோட்டத்தை அகற்றியவர், அகற்றுவதற்கு முதல் அதை வரைந்தவர் என்று என் பெயருக்குக் கீழே இருக்கிறதாம். அதற்குக் கீழே என் தமிழ் வரிக்கு ஆங்கில அர்த்தம். திரும்ப வாசிக்கச் சொன்னேன். “தாத்தா, இட்ஸ் த சேம்” என்றாள். இன்னொரு தடவை வாசி என்றேன். வாசித்தாள். கண்ணாடிக்குள் என் கிறீஸ் விரல், என் வட்டங்கள், என் கோணல் எழுத்து. புது ரீச்சர் பின்னால் வந்து, ‘ஆரோ’ என்ற சொல்லுக்கு ஒரு குறிப்பும் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வருஷத்துக்கு ஒரு தடவை நான் வந்து, ஆர் என்று சொல்லுகிறேன்.